அச்சேறிய திருமறையும் திருத்தும் கையும்

தமிழ்த் திருச்சபை தன் அச்சு வரலாற்றை நினைவுகூரும்போதெல்லாம் ஒரே பாட்டைத்தான் பாடி வருகிறது. 2006 ஆம் ஆண்டில் தரங்கம்பாடி அருட்பணியின் முந்நூறாம் ஆண்டு கொண்டாடப்பட்டபோதும், பின்னர் 2014, 2015 ஆம் ஆண்டுகளில் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சேறிய முந்நூறாண்டு நினைக்கப்பட்டபோதும் நாம் கேட்ட உரைகளின் சாரம் இதுதான்: ஓலையில் சிலர் கையில் இருந்த எழுத்து தாளில் பலர் கைக்கு வந்தது, அச்சு திருமறையைப் பரப்பியது. இக்கூற்றில் தவறில்லை. ஆயினும் அச்சுக்கலை திருச்சபைக்கு ஆற்றிய பணிகளுள் பரப்புதல் ஒன்று மட்டுமே. அதனினும் நுண்ணியதாகிய வேறொரு பணி உண்டு. நம் முன்னோர் அதனை நன்கு அறிந்திருந்தனர். நாம் ஏறத்தாழ மறந்துவிட்டோம். அப்பணியாவது திருத்தம்.

ஏடெழுதுவோர் பத்துப் பிரதிகள் எழுதினால் பத்திலும் வெவ்வேறு பிழைகள் நுழையும். ஒருவர் தம் ஏட்டில் ஒரு பிழையைக் கண்டு திருத்தினால் அத்திருத்தம் அவ்வேட்டோடு நின்றுவிடும். அச்சு வந்தபின் நிலைமை மாறிற்று. ஆயிரம் பிரதிகளிலும் அதே பக்கத்தில் அதே வரியில் அதே பிழை நிற்கும். இது பெருங்கேடாகத் தோன்றலாம். நன்மையும் இதனுள்ளேயே அடங்கியிருக்கிறது. தொலைவிலுள்ள இரு நகரங்களின் அறிஞர் இருவர் ஒரே பக்கத்தைத் தம்முன் விரித்துவைத்துக்கொண்டு மடல்வழி வாதிடலாம். அடுத்த பதிப்பில் அப்பிழை எல்லாப் பிரதிகளிலிருந்தும் ஒருங்கே நீங்கும். பிழைதிருத்தப் பட்டியலும் 'திருத்திய இரண்டாம் பதிப்பு' என்னும் தொடரும் அச்சுலகில் செழித்தவை. ஆனால் அதே எந்திரம் ஒரு பாடத்தை உறையவைக்கவும் வல்லது. ஒரே சொல்லை ஆயிரமாயிரம் முறை ஒரே வடிவில் கண்ட கண், அச்சொல் அன்றி வேறு சொல் அவ்விடத்தில் இருந்திருக்கக்கூடும் என்று எண்ணவே மறுக்கும்.

இதனைப் பொதுவாகப் பேசிக்கொண்டு போவதைவிட ஒரே ஒரு வசனத்தைக் கையிலெடுத்துப் பார்ப்பது நலம். வெளிப்படுத்தின விசேஷத்தின் கடைசி அதிகாரம், 19 ஆம் வசனம். இந்நூலின் சொற்களிலிருந்து எதையும் அகற்றுவோனுக்கு வரும் தண்டனையைக் கூறுவது அது. நம் ஆலயங்களில் வழங்கும் பழைய மொழிபெயர்ப்பில் அத்தகையவன் 'ஜீவபுஸ்தகத்தில்' தன் பங்கை இழப்பான் என்று காண்கிறோம். 1995 இல் கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையாரும் இணைந்து வெளியிட்ட திருவிவிலியத்தைத் திருப்பினால் அவ்விடத்தில் புத்தகம் இல்லை. வாழ்வு தரும் மரம் இருக்கிறது. புதிய மொழிபெயர்ப்புகளை எதிர்ப்போர் மேடைகளில் எடுத்து வீசும் வசனங்களுள் இது முதன்மையானது என்பதை வாசகர் அறிவர். மறைநூலில் கைவைத்தோரை எச்சரிக்கும் அதே வசனத்தில் புத்தகம் எவ்வாறு மரமாயிற்று? உண்மையில் கேள்வியைத் திருப்பிக் கேட்க வேண்டும். மரம் எவ்வாறு புத்தகமாயிற்று?

விடை சுவிட்சர்லாந்தின் பாசல் நகரிலுள்ள ஓர் அச்சகத்தில் இருக்கிறது. 1515 ஆம் ஆண்டில் அந்நகரத்து அச்சகத்தார் யோகான் புரோபென் கிரேக்கப் புதிய ஏற்பாட்டை வெளியிட முனைந்தார். ஸ்பெயின் நாட்டின் அல்காலா நகரில் பன்மொழித் திருமறையின் புதிய ஏற்பாட்டுப் பகுதி 1514 இலேயே அச்சாகி முடிந்திருந்தது. வெளியிடும் இசைவுதான் வரவில்லை. முந்திக்கொள்ள வேண்டும் என்னும் வணிக வேகம் பாசலில் இருந்தது. பதிப்பாசிரியராக அமர்ந்த எராஸ்மஸ் தமக்கு அங்குக் கிடைத்த சில கையெழுத்துப் பிரதிகளைக்கொண்டு வேலையைத் தொடங்கினார். அவற்றுள் பெரும்பாலானவை மிகப் பழமையானவை அல்ல. சிலவற்றின் ஓரங்களிலேயே திருத்தங்களை எழுதி அச்சுக்கோப்போரிடம் கொடுத்துவிட்டார். சில மாதங்களில் வேலை முடிந்து 1516 மார்ச்சில் நூல் வெளிவந்தது. அவசரமாகச் செய்த பணி என்பதை எராஸ்மஸே பிற்பாடு ஒப்புக்கொண்டார்.

வெளிப்படுத்தின விசேஷத்துக்கு அவரிடம் இருந்தது ஒரே பிரதி. அறிஞர் ராய்க்லினிடம் இரவல் வாங்கியது. அதன் கடைசி ஏடு காணாமற்போயிருந்தது. ஆகவே இறுதி ஆறு வசனங்களுக்குக் கிரேக்கம் இல்லை. வேறு பிரதி தேடக் காலமில்லை. எராஸ்மஸ் இலத்தீன் வுல்காத்தாவை எடுத்து அவ்வசனங்களைத் தாமே கிரேக்கத்தில் பெயர்த்து எழுதி அச்சுக்கு அனுப்பினார். அவர் கையிலிருந்த இலத்தீன் பாடத்திலோ ஏற்கெனவே ஒரு பிழை இருந்தது. மரத்தைக் குறிக்கும் 'லிக்னோ' என்னும் சொல்லை, எப்போதோ ஓர் ஏடெழுதுவோர் புத்தகத்தைக் குறிக்கும் 'லிப்ரோ' என்று எழுதிவிட்டார். இலத்தீன் எழுத்தில் நடுவிலுள்ள இரண்டு எழுத்துகளே வேறுபாடு. பழைய கிரேக்கப் பிரதிகளில் அவ்விடத்தில் நிற்பது மரம். ஆக, இலத்தீன் ஏடொன்றில் ஏற்பட்ட கைத்தவறு பாசலில் கிரேக்க உடை தரித்து, மூலமொழி என்னும் மதிப்போடு அச்சேறிற்று.

பாடபேத ஆராய்ச்சியின் துணையின்றியே கூட, கவனமாக வாசிப்பவர் இங்கு ஏதோ இசையவில்லை என்று உணரலாம். அதே அதிகாரத்தின் 14 ஆம் வசனத்தை நோக்குக. அங்கு ஜீவவிருட்சத்தின்மேல் உரிமை பெறுவதும் வாசல்கள் வழியே நகரத்துக்குள் செல்வதும் இணைந்து ஆசியாக வருகின்றன. 19 ஆம் வசனம் அவ்வாசியின் மறுபக்கம்: மரமும் நகரமும் இழக்கப்படும். மரத்தை நீக்கிப் புத்தகத்தை வைத்தால் இந்த எதிரொலி அறுந்துவிடுகிறது. ஏதேனில் மனிதன் எட்ட முடியாதபடி காவலிடப்பட்ட மரம், திருமறையின் கடைசி ஏட்டில் மீண்டும் எட்டக்கூடியதாகிறது என்னும் பெரிய வளைவின் முடிவு ஒரு சொல்லினால் மங்கிவிடுகிறது. ஜீவபுஸ்தகம் என்னும் கருத்து வெளிப்படுத்தின விசேஷத்தின் வேறிடங்களில் உள்ளதே. அதற்குக் குறைவு ஒன்றுமில்லை. ஆனால் இவ்விடத்தில் நூலாசிரியர் சொல்ல வந்தது அதுவன்று.

எராஸ்மஸைக் குறைகூறுவது எளிது. நாம் அவரைப் புகழவே விரும்புகிறோம். ஏனெனில் அவர் அங்கே நிற்கவில்லை. 1519 இல் இரண்டாம் பதிப்பு, 1522 இல் மூன்றாவது, 1527 இல் நான்காவது, 1535 இல் ஐந்தாவது எனத் திருத்திக்கொண்டே சென்றார். நான்காம் பதிப்பில் அல்காலாப் பதிப்போடு ஒப்பிட்டு வெளிப்படுத்தின விசேஷத்தில் மட்டும் ஏறத்தாழ 90 இடங்களை மாற்றினார். நாம் பேசும் இடம் அத்திருத்தத்திலும் தப்பிவிட்டது. திருத்தம் எப்போதும் நன்மையையே கொணர்ந்தது என்றும் சொல்வதற்கில்லை. முதல் யோவான் 5:7 இலுள்ள, பரலோகத்தின் மூன்று சாட்சிகளைப் பற்றிய கூற்றை அவர் முதலிரு பதிப்புகளில் சேர்க்கவில்லை. எதிர்ப்புக் கிளம்பியபின் மூன்றாம் பதிப்பில் சேர்த்தார். கிரேக்கப் பிரதிகளின் சான்று அவருடைய முதல் முடிவின் பக்கமே நிற்கிறது. லூத்தர் தம் வாழ்நாளில் ஜெர்மன் திருமறையில் அக்கூற்றுக்கு இடங்கொடுக்கவில்லை. அவர் மறைந்தபின் பிறர் நுழைத்தனர்.

லூத்தரும் இதே மரபினர். எராஸ்மஸின் 1519 ஆம் ஆண்டுப் பதிப்பைத் துணைக்கொண்டு அவர் செய்த ஜெர்மன் புதிய ஏற்பாடு 1522 செப்டம்பரில் விட்டன்பர்க்கில் வெளியாயிற்று. அவ்வாண்டு டிசம்பரிலேயே திருத்திய பதிப்பு வந்துவிட்டது. 1534 இல் முழுத் திருமறை வந்தபின்னும் மெலாங்க்தன் முதலிய தோழரோடு அமர்ந்து 1539 முதல் 1541 வரை அதனைச் சொல் சொல்லாக ஆராய்ந்தார். 1546 இல் அவர் இறக்கும்வரை அவருடைய திருமறை ஓயாது திருத்தப்பட்டுக்கொண்டேயிருந்தது. சீர்திருத்தம் அச்சினால் பரவியது என்று நம் மாணவர் தேர்வுகளில் எழுதுகின்றனர். சீர்திருத்தவாதி அச்சுத்தாளின் ஓரத்தில் எழுதுகோலோடு உட்கார்ந்திருந்ததையும் சேர்த்து எழுதினால் நன்று.

உறைதல் பின்னர் வந்தது. 1633 இல் ஒல்லாந்து தேசத்து எல்செவியர் அச்சகத்தார் தம் கிரேக்கப் பதிப்பின் முகவுரையில், இது யாவராலும் ஏற்கப்பட்ட பாடம் என்று வாசகருக்கு உறுதி கூறினர். புத்தக வணிகர் தம் சரக்கைப் பற்றிச் சொல்லிய விளம்பரம் அது. அவ்விளம்பரத்திலிருந்தே 'ஏற்கப்பட்ட பாடம்' என்னும் பெயர் பிறந்தது; பெயரோடு அதிகாரமும் பிறந்தது. எராஸ்மஸ் அவசரத்தில் அமைத்துத் திருத்திக்கொண்டிருந்த ஒன்று, திருத்தக்கூடாத ஒன்றாயிற்று. 1707 இல் ஆக்ஸ்போர்டின் யோவான் மில் ஏறத்தாழ 30,000 பாடபேதங்களைத் தொகுத்து அச்சிட்டபோது, திருமறையின் அடித்தளத்தையே அசைத்துவிட்டார் என்று தாக்கினர். வேறுபாடுகளை அவர் உண்டாக்கவில்லை. கண்ணுக்குத் தெரியும்படி அச்சிட்டார், அவ்வளவே. மாணவப் பருவத்தில் இவ்வேறுபாடுகளைக் கண்டு கலங்கிய பெங்கல் என்னும் பக்திநெறியாளர், கலக்கத்துக்கு மருந்து மறைப்பதில் இல்லை, எடைபோடுவதில் உள்ளது என்று தெளிந்து, 1734 இல் வேறுபாடுகளைத் தரம்பிரித்துப் பதிப்பித்தார்.

மில்லின் பதிப்பு வந்த மறு ஆண்டு, 1708 அக்டோபரில், தரங்கம்பாடியில் சீகன்பால்கு புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கத் தொடங்கினார். அவர் கரையிறங்கி (1706 ஜூலை 9) இரண்டு ஆண்டுகளும் மூன்று மாதங்களுமே ஆகியிருந்தன. அதற்குள் நூற்றுக்கு மேற்பட்ட தமிழ்ச் சுவடிகளைத் திரட்டி அவற்றுக்கு அட்டவணையும் எழுதியிருந்தார். 1711 மார்ச்சில் மொழிபெயர்ப்பு முடிந்தது. அச்சிடும் கதை அனைவரும் அறிந்ததே. இங்கிலாந்தின் கிறிஸ்தவ அறிவு வளர்ச்சிச் சங்கம் அனுப்பிய அச்சுப்பொறி வழியில் பிரெஞ்சுக்காரர் கையில் சிக்கி மீண்டு வந்தது. உடன்வந்த அச்சர் வழியிலேயே இறந்தார். ஹாலேயில் வார்த்தனுப்பிய தமிழ் எழுத்துகள் 1713 இல் வந்துசேர்ந்தன. அவை பெரியனவாயிருந்தமையால் தாள் மிகுதியாகச் செலவாயிற்று. பொறையாற்றில் சிறிய எழுத்துகள் வார்க்கப்பட்டன. அதற்கான ஈயத்துக்கு இங்கிலாந்திலிருந்து வந்த பாலாடைக்கட்டிகளின் உறைகளை உருக்கினார்கள் என்பர். காகித ஆலையும் அமைக்க முயன்றனர். 1714 இல் நான்கு நற்செய்திகளும் திருத்தூதர் பணிகளும், 1715 இல் எஞ்சிய பகுதியும் வெளிவந்தன.

இவ்வளவும் சொல்லப்படுகிறது. அதன்பின் நிகழ்ந்ததை நாம் போதிய அளவு வியப்பதில்லை. முதற்பதிப்பின் முகப்பேட்டில் இலத்தீன் மொழியில் சீகன்பால்கு, கிரண்டலர் ஆகிய இருவர் பெயரும் அச்சிடப்பட்டிருந்தன. அதாவது, இது இன்னாருடைய உழைப்பு என்று பக்கமே கூறிற்று. மனிதர் உழைப்பாதலால் திருத்தத்துக்கும் உரியதாயிற்று. சீகன்பால்கு 1719 பிப்ரவரியில் இறந்தார். 1722 இலேயே சுல்த்சே திருத்திய பதிப்பை வெளியிட்டார். பழைய ஏற்பாட்டில் ரூத் வரை வந்து நின்ற பணியைத் தொடர்ந்து 1728 இல் முடித்தவரும் அவரே. அவர்களுடைய தமிழை வீரமாமுனிவர் கடுமையாக எள்ளினார். சமயப் பகைமை அவ்வெள்ளலில் உண்டு. ஆயினும் முழுவதும் அநியாயம் என்று நம்மால் கூற இயலவில்லை. கடற்கரைப் பேச்சின் வாடையும், தமிழ்த் தொடரில் ஜெர்மன் எலும்புகள் துருத்துவதும் அப்பதிப்பின் குறைகள். அக்குறைகளை உடன்பணியாளரே உணர்ந்தனர்.

பப்ரீசியஸ் 1740 இல் இந்தியா வந்தார். வேப்பேரியில் அமர்ந்து, பழைய பாடத்தை ஒட்டுப்போடுவதை விடுத்துப் புதிதாகவே நெய்தார். 1761 இல் ஆங்கிலப் படை புதுச்சேரியைக் கைப்பற்றியபோது கிடைத்த அச்சுப்பொறி வேப்பேரிக்கு வந்தது. போர்க்கொள்ளைப் பொருள் சமாதானத்தின் நற்செய்திக்குப் பயன்பட்டது. அரசாங்க வேலையை முதலில் அச்சிட வேண்டும் என்னும் நிபந்தனை அதனோடு ஒட்டிக்கொண்டு வந்ததையும் மறக்கலாகாது. அவருடைய புதிய ஏற்பாடு 1772 இல் வந்தது. லூத்தரன் சபையார் அம்மொழிபெயர்ப்பை நெடுங்காலம் கைவிடாமல் போற்றியது வெறும் பற்றினால் அன்று; ஓசையும் பணிவும் கூடிய நடை அது. பின்னர் இரேனியஸ். அவர் திருப்பாற்கடல்நாதன் கவிராயரிடம் தமிழ் கற்றவர். 1827 இல் மொழிபெயர்ப்பு நெறிகளைப் பற்றித் தனி நூலே எழுதியவர். 1833 இல் தம் புதிய ஏற்பாட்டை வெளியிட்டார். 1850 இல் யாழ்ப்பாணத்தில் பேர்சிவல் ஆறுமுக நாவலரின் துணையோடு செய்த மொழிபெயர்ப்பு வந்தது. 'சோதனைப் பதிப்பு' என்னும் பொருள்பட அது வழங்கிய பெயரே நமக்கு இனிக்கிறது. அதற்கு எதிர்ப்பு எழுந்து அது வழக்கிழந்தது. நாவலரோ அச்சின் வலிமையை அப்பணியில் அருகிருந்து கண்டு, 1849 இல் சென்னை சென்று தாமே ஓர் அச்சுப்பொறி வாங்கி, வண்ணார்பண்ணையில் சைவ நூல்களைப் பிழையறப் பதிப்பிக்கலானார். பிழையறப் பதிப்பித்தல் என்னும் வெறி அவருக்கிருந்தது. அதில் நம் சபைகள் அவரிடம் பாடங்கற்றிருக்கலாம்.

இறைவனைக் குறிக்கும் சொல்லையே எடுத்துக்கொள்வோம். சீகன்பால்கு கத்தோலிக்க வழக்கிலிருந்து 'சருவேசுரன்' என்பதைக் கைக்கொண்டார். பப்ரீசியஸ் 'பராபரன்' என்றார். இரேனியஸ் 'தேவன்' என்றார், அதுவே நிலைத்தது. பிற்காலத் திருத்தங்கள் 'கடவுள்' என்றன. இறைவனின் பெயரையே மாற்றிக்கொள்ளத் துணிந்த ஒரு சபை, தன் வரலாற்றின் பெரும்பகுதியில் அச்சிட்ட பாடத்தைத் தற்காலிகமானதாகவே கருதியது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. ஆயர் சபாபதி குலேந்திரனின் தமிழ் வேதாகம வரலாற்றை நம் மாணவர் படிப்பதுண்டு. பெயர்களையும் ஆண்டுகளையும் மனனம் செய்துவிட்டு, அவ்வரலாறு முழுவதும் திருத்தத்தின் வரலாறு என்பதைக் காணாது கடந்துவிடுகின்றனர்.

1871 இல் பவர் ஐயர் தலைமையில் அமைந்த குழுவின் ஐக்கிய மொழிபெயர்ப்பு முழுத் திருமறையாக வெளிவந்தது. 1714 முதல் 1871 வரையுள்ள 157 ஆண்டுகளில் ஆறு கைகள் தமிழ்த் திருமறையைத் தொட்டன. 1871 க்குப் பின் 150 ஆண்டுகளுக்கு மேலாகியும் நம் பீடங்களில் பெரும்பாலும் அதே பாடம் இருக்கிறது. முயற்சிகள் இல்லாமற்போகவில்லை. 1920களில் தொடங்கி லார்சன் தலைமையில் நடந்த திருத்தம் நல்ல அறிவோடு செய்யப்பட்டது; சபை அதனை ஏற்கவில்லை. பின்வந்த திருத்திய பதிப்பும் படிப்பறைகளிலேயே தங்கிற்று. 1995 ஆம் ஆண்டின் திருவிவிலியம் நம் சபைகளில் பலவற்றில் ஆராதனை வாசிப்புக்கு இன்னும் உரிமை பெறவில்லை.

பவர் குழுவினரை நாம் குறைகூறவில்லை. அவர்கள் காலத்தில் பிரிட்டிஷ் அயல்நாட்டு வேதாகமச் சங்கம் ஏற்கப்பட்ட பாடத்தையே அடிப்படையாகக் கொண்டிருந்தது. 1904 இல்தான் அச்சங்கம் நெஸ்லேயின் கிரேக்கப் பதிப்பை ஏற்றது. வெஸ்ட்கோட், ஹார்ட் ஆகியோரின் பதிப்பு வந்தது 1881 இல். ஆகவே பாசல் அச்சகத்தின் புத்தகம், லூத்தரின் ஜெர்மனையும் 1611 ஆம் ஆண்டின் ஆங்கிலத்தையும் போலவே, தமிழுக்கும் இயல்பாக வந்துசேர்ந்தது. முதல் யோவானின் மூன்று சாட்சிகளும் அவ்வாறே வந்தனர்.

குறை வேறிடத்தில் உள்ளது. 1804 இல் அச்சங்கம் தோன்றியபோது, குறிப்போ விளக்கமோ இன்றித் திருமறையை மட்டுமே வெளியிடுவது என்று விதி வகுத்துக்கொண்டது. பல சபையார் சண்டையின்றி ஒன்றுகூடி உழைக்க அவ்விதி உதவிற்று. அதன் பெருமையை மறுக்க முடியாது. ஆனால் அதன் விளைவாகத் தமிழ் வாசகன் கையில் விழுந்த பக்கம் மௌனமான பக்கம். மொழிபெயர்த்தோர் பெயர் அதில் இல்லை. வேறு பாடம் உண்டு என்னும் குறிப்பு பெரும்பாலான பதிப்புகளில் இல்லை. ஆறு கைகள் அழித்தும் எழுதியும் கண்ட வாசகம், யார் கையும் படாத வானத்து எழுத்தைப்போலக் காட்சியளித்தது. தரங்கம்பாடியின் முகப்பேடு சொன்ன உண்மையைப் பிற்கால முகப்பேடு சொல்லாமல் விட்டது.

இங்கு ஓர் ஒப்புமை பயன்படும். இதே பவர் ஐயர் 1868 இல் சீவக சிந்தாமணியின் நாமகள் இலம்பகத்தை முத்தையா பிள்ளையின் உதவியோடு உரைக்குறிப்புகளுடன் அச்சிட்டார். உ. வே. சாமிநாதையர் முழுச் சிந்தாமணியை 1887 இலும் புறநானூற்றை 1894 இலும் பதிப்பித்தார். ஐயர் பல ஏடுகளை ஒப்பிட்டுக் கண்ட பிரதிபேதங்களை அடிக்குறிப்பில் தந்தார். அடுத்தடுத்த பதிப்புகளில் திருத்தினார். அடிக்குறிப்பைக் கண்டதனால் புறநானூற்றின்மேல் மதிப்பிழந்த தமிழர் எவரையும் நாம் அறியோம். பாடபேதம் என்பது தமிழ் வாசகனுக்கு அந்நியமான செய்தியன்று. உரையாசிரியர் காலந்தொட்டு 'என்றும் பாடம்' என்னும் குறிப்போடு படித்துப் பழகியவன் அவன். அப்படிப்பட்டவனிடம் திருமறையை மட்டும் குறிப்பின்றிக் கொடுத்து, அவனது நம்பிக்கையைக் காக்கிறோம் என்று எண்ணியது அவனைக் குறைத்து மதிப்பிட்ட செயல்.

அச்சு வரலாற்றை ஆராய்ந்த எலிசபெத் ஐசன்ஸ்டைன் 1979 இல் வெளியிட்ட பெருநூலில், பாடங்களுக்கு நிலைபேறு அளித்ததே அச்சின் பெரும்புரட்சி என்றார். 1998 இல் ஏட்ரியன் ஜான்ஸ் இதனை மறுத்து, நிலைபேறு எந்திரத்தினுள் இருப்பதன்று, மனிதர் சேர்ந்து அதற்கு அளிப்பது என்று வாதிட்டார். தமிழ்த் திருமறையின் வரலாறு ஜான்ஸின் பக்கமே சாய்கிறது. அதே ஈய எழுத்துகள், அதே அச்சுப்பொறி. ஒரு நூற்றாண்டில் திருத்தத்துக்கும் மறு நூற்றாண்டில் உறைதலுக்கும் உதவின. அழுத்தமான பிழையைச் சபை உடனே நீக்கும். 1631 இல் லண்டனில் அச்சான ஒரு திருமறையில் விபசாரத்தை விலக்கும் கட்டளையில் மறுப்புச் சொல் விடுபட்டுப்போயிற்று; அச்சகத்தாருக்கு 300 பவுன் தண்டம் விதிக்கப்பட்டது. கண்ணை உறுத்தாத பிழைக்குத்தான் நீண்ட ஆயுள். ஜீவபுஸ்தகம் பக்திக்கு இசைவான பிழை. ஆகையால் ஐந்து நூற்றாண்டுகள் வாழ்ந்துவிட்டது.

மறுதரப்பின் குரலையும் கேட்கவேண்டும். பழைய மொழிபெயர்ப்பின்மேல் சபையார் கொண்டுள்ள அன்பை மூடப்பிடிவாதம் என்று தள்ளுவது இறையியல் மாணவருக்கு எளிது. போதகருக்கு அது இயலாது. கண்பார்வை மங்கிய மூதாட்டியும் மனப்பாடமாகச் சொல்லும் சங்கீதம் பவர் குழுவின் தமிழில் உள்ளது. மரணப்படுக்கை அருகிலும் கல்லறை ஓரத்திலும் வாய்க்கு வருவது அந்த நடைதான். அதன் ஓசைநயம் பின்வந்த எந்த மொழிபெயர்ப்புக்கும் முழுமையாக வாய்க்கவில்லை என்பது நம் கருத்து. எனவே அதனைப் பீடத்திலிருந்து இறக்குங்கள் என்று நாம் கேட்கவில்லை. அன்பு வேறு, பிழையில்லாமை வேறு என்பதைச் சபைக்குக் கற்பிக்க நமக்கு நேரமில்லாமற்போனது ஏன் என்று கேட்கிறோம். 22:19 ஐக் காட்டி, புதிய மொழிபெயர்ப்பை வாசிக்கும் இளைஞனின் பெயர் ஜீவபுஸ்தகத்திலிருந்து அழியும் என்று அச்சுறுத்தும்போது, பாசலின் அவசரம் ஓர் ஆன்மாவின்மேல் பாரமாக ஏற்றப்படுகிறது. கிரேக்கம் படித்துப் பட்டம் பெற்ற போதகர் அப்பேச்சைக் கேட்டும் வாளாவிருந்தால் அவர் படித்த கிரேக்கம் யாருக்கு?

எளியோர் விசுவாசம் கலங்கும் என்பது நாம் அடிக்கடி கேட்கும் மறுமொழி. கலங்குவது மறைத்த ஒன்று வெளிப்படும்போதுதான். லூக்கா தம் நற்செய்தியின் முகவுரையிலேயே தமக்கு முன் எழுதியோர் பலர் இருந்தனர் என்பதையும் தாம் ஆராய்ந்து எழுதியதையும் ஒளிக்காமல் கூறுகிறார். அப்படித் தொடங்கும் நூலைக் குறிப்புக்கு அஞ்சிய பக்கத்தில் அச்சிடுவது பொருந்துவதாக இல்லை.

அச்சின் காலம் முடிந்துவிட்டது, இனி எல்லாம் கைப்பேசித் திரையில்தானே என்று கேட்போருக்கும் ஒன்று சொல்லவேண்டும். திரையில் பரவலாகக் கிடைப்பது பழைய மொழிபெயர்ப்பே. புதிய ஊடகம் பழைய உறைதலை இன்னும் விரிவாகப் பரப்பியிருக்கிறது. தட்டெழுதியோரின் பிழைகளும் சில இடங்களில் சேர்ந்துகொண்டன. அதனினும் கவலைக்குரியது, திரையிலுள்ள பாடம் சுவடின்றி மாறக்கூடியது என்பது. நேற்றிருந்த சொல் இன்று இல்லையென்றால் மாற்றியவர் யார், எப்போது, ஏன் என்று காட்டும் பக்கம் இராது. எராஸ்மஸின் பிழையை நாம் இன்று ஐயமின்றிச் சொல்லக்கூடியதாயிருப்பது, 1516 என்று ஆண்டு பொறித்த தாளும் 1519, 1522, 1527, 1535 என்று ஆண்டு பொறித்த தாள்களும் நூலகங்களில் அருகருகே இருப்பதனால்தான். திருத்தத்துக்குச் சாட்சி வேண்டும். ஆண்டும் இடமும் அச்சிட்டோர் பெயரும் தாங்கிய தாளே அச்சாட்சி. சபை நூலகங்களில் கரையான் தின்னும் பழைய பதிப்புகளை, புதியது வந்துவிட்டது என்று எடைக்குப் போடாதிருக்க இதுவே போதிய காரணம். பப்ரீசியஸ் பதிப்பும் பவர் பதிப்பும் திருவிவிலியமும் ஒரே மேசையில் இருக்கும் குருமனையில் அருளுரை ஆயத்தம் வேறுவிதமாக நடக்கும்.

மாணவர்க்கு நாம் கூறும் வேலை சிறியது. தம் சபைக்கு ஆராதனை முறைமையோ வாசகப் பட்டியலோ ஞாயிறு தாளோ அச்சிடும்போது, அந்நாளின் வாசகத்தில் குறிப்பிடத்தக்க பாடபேதம் இருந்தால் அதனை ஒரு வரியில் அடியில் சேர்க்கலாம். வாசகத்தை மாற்ற வேண்டியதில்லை. பழைய பாடத்தை மேலே இருக்கவிட்டு, உரையாசிரியர் செய்ததுபோல் கீழே சொன்னால் போதும். வேதாகமச் சங்கமும் பழைய மொழிபெயர்ப்பை அடுத்தமுறை அச்சிடும்போது இதைச் செய்யலாம். அச்சுக்கோர்ப்பு முழுவதும் கணினியில் நடக்கும் இந்நாளில் செலவு பெரிதன்று. எங்கே தொடங்குவது என்று கேட்பின், கடைசி அதிகாரத்திலேயே தொடங்கலாம். குறிப்பு இவ்வளவே: ஜீவபுஸ்தகம்: பழைய கிரேக்கப் பிரதிகளில் 'ஜீவவிருட்சம்', 14 ஆம் வசனம் காண்க. நூல் முடிகிற பக்கமாதலால் இடத்துக்கும் முட்டிராது.